சாப்பிட்ட வாய் பேசட்டும், பொறுப்போடு பேசட்டும்

(‘உணவகங்களைப் பற்றி நாம் சொல்லும் கருத்து: உதவியா, உபத்திரவமா?’ என்ற தலைப்பில் தொலைக்காட்சி விவாத அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஊர் வழக்கப்படி முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். எல்லாரும் பசியாறி விட்டீர்களா?

மலேசியத் தமிழன் நலம் விசாரிப்பதே இப்படித்தான். முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா?" ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, "எங்கே?" கடையின் பெயரைச் சொன்னால் மூன்றாவது கேள்வி, "நல்லா இருந்துச்சா?" அந்த மூன்றாவது கேள்விக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம், எப்படிச் சொல்கிறோம் என்பதுதான் இன்றைய தலைப்பு.

எனக்கு முன் பேசிய நண்பர், "உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொன்ன இனம் நாம். சோறு போட்ட கடையைக் குறை சொல்லலாமா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். நல்ல கேள்வி. உப்பிட்டவரை நினைக்கத்தான் வேண்டும். ஆனால் உப்பை அள்ளிப் போட்டவரிடம், "அண்ணே, இன்றைக்கு உப்பு கூடிப்போச்சு" என்று சொல்லவும் வேண்டுமே!

குறை நிறை சொல்வது நமக்குப் புதிது அல்ல. வாழை இலையில் சாப்பிட்டு முடித்ததும் இலையை எப்படி மடிக்கிறோம்? மேல் பாதியைக் கீழே கொண்டுவந்து நம் பக்கமாக மடித்தால் மனம் நிறைந்தது என்று பொருள். எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டு வழக்கம். கடையில் அப்படி மடித்தால் சாப்பாடு பிடிக்கவில்லை என்று இங்கே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வார்த்தை பேசாமல், பரிமாறியவருக்கு மட்டும் தெரியும்படி, நம் பெரியவர்கள் சொன்ன விமர்சனம் அது.

இன்றைக்கு இலையை மடிப்பதற்குள் கைத்தொலைபேசியை எடுத்துவிடுகிறோம். அதனால்தான் சிக்கல் பெரிதாகிவிட்டது.

ஒரு சாம்பாரின் கதை

நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். பெருமையாகச் சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்தை ஒட்டிய ஒரு மாலை நேரம். பத்துமலை அடிவாரத்தில் ஒரு சின்ன சைவக் கடை. படி ஏறி இறங்கிய களைப்பு, நல்ல பசி. தோசை கேட்டோம். அரை மணி நேரம் கழித்து வந்தது. சாம்பார் தண்ணீர். பருப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கடையில் இருந்த அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்குப் போகும் வழியிலேயே வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன். கடையின் பெயர், படம், அதோடு கொஞ்சம் நையாண்டி. "இந்தச் சாம்பாரில் தீர்த்தமாடலாம்" என்று எழுதினேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது எங்கெங்கோ போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. அக்கா தாமாகவே பேசினார். "யாரோ நம்ம கடையைப் பத்தி போன்ல போட்டுட்டாங்க தம்பி. வெள்ளிக்கிழமைக்கு வாடிக்கையா வர்ற ரெண்டு மூணு குடும்பம் இப்ப வர்றதில்ல. அன்னைக்கு அவருக்கு ஆஸ்பத்திரியில ஆப்பரேஷன். நான் ஒருத்திதான் கடையில நின்னேன்" என்றார்.

எழுதியது நான்தான் என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. தோசையைச் சாப்பிட்டேன், காசு கொடுத்தேன், வந்துவிட்டேன்.

நண்பர்களே, நான் எழுதியது பொய்யா? இல்லை. அந்தச் சாம்பார் உண்மையிலேயே தண்ணீர்தான். ஆனால் "இன்று மாலை, தைப்பூசக் கூட்டத்தில், சாம்பார் நன்றாக இல்லை" என்று நான் எழுதவில்லை. "இந்தக் கடை நன்றாக இல்லை" என்று எழுதினேன். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம்தான் அந்தக் குடும்பத்தின் வெள்ளிக்கிழமை வியாபாரம்.

ஒரு பானை, ஒரு சோறு

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள். அருமையான பழமொழி. ஆனால் அது என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். ஒரு பானைக்கு ஒரு சோறு பதம். ஒரு கடைக்கு ஒரு சோறு பதம் என்று யாரும் சொல்லவில்லை. கடை என்பது ஒரு பானை அல்ல. நேற்று ஒரு பானை, இன்று ஒரு பானை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

சமையலறைக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். இட்லி மாவு ஆட்டிய பிறகு புளிக்க ஓர் இரவு வேண்டும். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் வந்துவிட்டால் புதிதாக ஆட்டலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் புளிக்க வைக்க எந்தச் சமையல்காரராலும் முடியாது. அந்த மாவில் வார்த்த தோசை வெளிறிப் போகும், இட்லி கல்லாகும். துவரம் பருப்பு வேக நேரம் வேண்டும். பருப்பு தீர்ந்த பிறகும் வரிசை நின்றால் சாம்பாரில் தண்ணீர் ஏறும். இதை நான் நியாயப்படுத்தவில்லை. காரணம் சொல்கிறேன்.

இன்னொரு காரணம் ஆள். "முன்பு இருந்த ருசி இப்போது இல்லை" என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையைப் பற்றிச் சொல்கிறோம். விசாரித்தால் சமையல்காரர் மாறியிருப்பார். நம் இந்திய உணவகங்கள் பலவற்றில் அடுப்படியில் நிற்பவர் தமிழகத்திலிருந்து வேலை அனுமதியில் வந்தவர். அனுமதி முடிந்து அவர் கப்பல் ஏறினால், அவர் கைப்பக்குவமும் கூடவே ஏறிவிடும். 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம், 2019 ஜனவரி முதல் உணவகங்களில் உள்ளூர் சமையல்காரர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று அப்போதைய மனிதவள அமைச்சர் மு.குலசேகரன் சொன்னபோது எவ்வளவு பெரிய சர்ச்சை கிளம்பியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு அது யோசனைதான் என்று விளக்கம் தரப்பட்டது. உள்ளூர்ப் பிள்ளைகள் அடுப்படிக்கு வரத் தயங்குகிறார்கள், வெளியூர் ஆளைக் கொண்டுவருவது சிரமம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் கடைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அதற்குப் பிறகு 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கடையில் உட்கார்ந்து சாப்பிடத் தடை, பொட்டலம் மட்டும்தான். வாழை இலைச் சாப்பாடு என்பதே உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுப் பரிமாறி உண்ணும் சாப்பாடு. அதைப் பொட்டலத்தில் கட்டினால் என்ன ஆகும்? அந்த நாள்களைத் தாண்டி இன்றும் திறந்திருக்கும் ஒவ்வொரு சிறு கடையும் பெரும்பாடு பட்டுத்தான் நிற்கிறது.

ஆகவே, ருசியைப் பற்றி நான் சொல்வது இதுதான். ஒரு முறை சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். இரண்டு முறை, முடிந்தால் மூன்று முறை போங்கள். ஒரு முறைதான் போக முடிந்தது என்றால், எந்த நாள், எந்த நேரம், என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சுத்தத்துக்கு ஒரு சோறு போதும்

"அப்படியானால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டியதுதானா?" என்று எதிரே இருக்கும் அம்மா கேட்பது போல் பார்க்கிறார். இல்லை அம்மா. இரண்டு விஷயத்தில் ஒரு சோறே போதும்.

முதலாவது சுத்தம். பாத்திரம் கழுவும் இடத்தில் எலி ஓடுவதைக் கண்டால், "மூன்று முறை வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று இருக்கத் தேவையில்லை. ஒரு முறை பார்த்தது போதும். ருசி ஆளுக்கு ஆள் மாறும், வயிற்றுப்போக்கு எல்லாருக்கும் ஒன்றுதான். நம் நாட்டில் 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் இருக்கின்றன. உணவைக் கையாளும் பணியாளர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஊராட்சி மன்றங்கள் கடைகளைச் சோதித்து ஏ, பி, சி என்று தர முத்திரை கொடுக்கின்றன. அது சுவரில்தான் தொங்கும். நாமோ சுவரில் இருக்கும் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிடுகிறோம், பக்கத்தில் இருக்கும் முத்திரையைப் பார்ப்பதில்லை. இரண்டையும் பாருங்கள்.

சுத்தக் குறைவைக் கண்டால் முகநூலில் போடுவதைவிட நகராண்மைக் கழகத்திற்கோ சுகாதார அமைச்சின் மாவட்ட அலுவலகத்திற்கோ தெரிவிப்பது மேல். முகநூலில் போட்டால் ஆயிரம் பேர் முகம் சுளிப்பார்கள். அதிகாரி வந்தால் சமையலறை சுத்தமாகும்.

இரண்டாவது விலை. இதற்கும் ஒரு ரசீது போதும். விலையைக் காட்டி வைப்பது வியாபாரியின் கடமை. கொள்ளை இலாபம் அடிப்பதைத் தடுக்க 2011ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். ரசீதில் இருக்கும் வரிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 2015 ஏப்ரலில் வந்த ஜிஎஸ்டி 2018இல் போய்விட்டது. 2018 செப்டம்பர் முதல் இருப்பது சேவை வரி. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு அது 8 விழுக்காடு ஆனபோதும், சாப்பாட்டுக்கும் பானத்துக்கும் 6 விழுக்காடாகவே வைக்கப்பட்டது. அதுவும் ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் உணவகங்கள்தான் வசூலிக்க வேண்டும். சில இடங்களில் போடும் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் அரசாங்க வரி அல்ல, அது கடை போடுவது. இதெல்லாம் தெரிந்தால் பொருத்தமான ஆளிடம் பொருத்தமான கேள்வி கேட்கலாம். தெரியாவிட்டால் பரிமாறிய தம்பியிடம் கத்திவிட்டு வருவோம். பாவம், அவனா வரி போட்டான்?

காரில் ஏறிய பிறகு வரும் வீரம்

பேசாமல் இருப்பதால் வரும் கெடுதலுக்கும் என்னிடம் ஒரு கதை உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கடை. பெயர் வேண்டாம். வெளியூரிலிருந்து வந்த மாமா குடும்பத்தை வாழை இலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனோம். மீன் கேட்டோம். விலைப் பட்டியல் கண்ணில் படவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ரசீது வந்தபோது மீனுக்கு மட்டும் நாங்கள் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு. மாமா முன்னால் பேச வெட்கம். சிரித்துக்கொண்டே கொடுத்தோம். "சாப்பாடு எப்படி அண்ணே?" என்று முதலாளி கேட்டார். "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் எங்களுக்கு வீரம் வந்தது. வீடு வந்து சேரும் வரை அந்தக் கடையை வறுத்து எடுத்தோம். அதன் பிறகு அங்கே போகவே இல்லை. ஒரு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கடை மூடியிருந்தது.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எங்களைப் போல எத்தனை குடும்பம் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு, காரில் திட்டிவிட்டு, திரும்பி வராமல் போயிருக்கும்? அந்த முதலாளிக்குக் கடைசி வரை கிடைத்த ஒரே விமர்சனம் "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்பதுதான். ஒருவராவது, "அண்ணே, மீன் விலையை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருக்கலாம்.

பத்துமலையில் நான் கடைக்காரரிடம் சொல்லாமல் ஊருக்கே சொன்னேன். இங்கே யாரிடமும் சொல்லவில்லை. இரண்டிலும் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லவில்லை என்பதுதான் என் தவறு.

ஊருக்கு ஊர் வாடிக்கை வேறு

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லாக் கடைக்கும் விமர்சனம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

பிரிக்பீல்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்ததால் அந்தப் பெயர். ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த வட்டாரம். 2010 அக்டோபரில் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து ‘லிட்டில் இந்தியா’வைத் திறந்துவைத்தார். அங்கே மதியம் சாப்பிட வருகிறவர்களில் பலர் பக்கத்து அலுவலகங்களில் வேலை செய்பவர்கள். இன்று ரசம் சரியில்லை என்றால் நாளை அடுத்த கடை. அவர்கள் காலால் எழுதும் விமர்சனத்தை முதலாளி அன்றன்றைக்கே கல்லாவில் படித்துவிடுவார். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக்குத் துணி எடுக்க வரும் குடும்பங்கள் வருடா வருடம் அதே கடையில் பலகாரம் சாப்பிடுகின்றன. அப்பா சாப்பிட்ட கடையில் மகன் சாப்பிடுவான். அங்கே பரம்பரையாக வரும் பேச்சே விமர்சனம்.

பத்துமலை அப்படி இல்லை. 2006 ஜனவரியில் 140 அடி முருகன் சிலை எழுந்தது. 2010இல் கொமூட்டர் ரயில் அடிவாரத்துக்கே வந்தது. 2018இல் 272 படிகளுக்கும் வண்ணம் பூசினார்கள், படம் உலகமெல்லாம் சுற்றியது. இப்போது அங்கே சாப்பிட உட்காருபவர்களில் பலர் காலையில் வந்து மதியம் விமானம் ஏறப் போகும் வெளிநாட்டார். அவர்கள் திரும்பி வரப் போவதில்லை. அவர்களுக்கு நல்ல தோசை போட்டாலும், ஆறிய தோசை போட்டாலும் நாளைய கல்லாவில் அது தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில்தான் எழுதி வைக்கும் விமர்சனம் மிகவும் தேவை. நேர்மையாக நடத்தும் கடைக்கு அது பாதுகாப்பு. அடுத்து வரும் முன்பின் தெரியாதவருக்கு அது வழிகாட்டி. அங்கேயே தவறாக எழுதினால் அடியும் பலமாக விழும்.

இன்னொரு வகையிலும் நமக்குப் பொறுப்பு உண்டு. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ, மலேசியாவின் காலைப் பசியாறும் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அதில் பேசப்பட்டன. நம் மக்கள் கல்லில் வீசிய ரொட்டி உலக ஏட்டில் ஏறியிருக்கிறது. அதன் தரத்தைக் காப்பது கடைக்காரர் வேலை மட்டும் அல்ல, வாய் திறந்து சொல்லும் வாடிக்கையாளர் வேலையும்தான்.

டயர் கம்பெனியிடம் கற்கலாம்

உலகத்திலேயே பேர் பெற்ற உணவு விமர்சனம் எது? மிச்செலின். அது டயர் செய்யும் கம்பெனி! கார் வைத்திருப்பவர்கள் ஊர் சுற்றினால் டயர் தேயும், புது டயர் விற்கும் என்று 1900ஆம் ஆண்டு பிரான்ஸில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார்கள். 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். 2022 டிசம்பரில் கோலாலம்பூருக்கும் பினாங்கிற்கும் வந்துவிட்டார்கள். அவர்களுடைய ஆள் பெயர் சொல்லாமல் போகிறார், சொந்தக் காசு கொடுத்துச் சாப்பிடுகிறார், நட்சத்திரம் தருவதற்கு முன் மறுபடியும் ஆள் போகிறது. ஆடம்பர உணவகத்துக்கே இவ்வளவு நிதானம் என்றால், நாலு மேசை போட்ட நம் அக்கா கடைக்கு நாம் கொஞ்சமாவது நிதானம் காட்ட வேண்டாமா?

நிறைவாகச் சில வேண்டுகோள்கள். குறையை முதலில் கடைக்காரரிடம் சொல்லுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள். எழுதினால் உண்மையை மட்டும் எழுதுங்கள். 1957ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் இன்னும் இருக்கிறது. உண்மையின் அடிப்படையில் நேர்மையாகச் சொன்ன கருத்துக்குத்தான் அதில் பாதுகாப்பு. பரிமாறும் பிள்ளைகளைப் படம் பிடித்துப் போடாதீர்கள். இலவசமாகச் சாப்பிட்டுவிட்டுப் புகழ்ந்தால், இலவசம் என்பதையும் சொல்லுங்கள். நன்றாக இருந்ததைச் சொல்ல மறக்காதீர்கள். "சாப்பாடு சூப்பர்" என்றால் யாருக்கும் பயன் இல்லை. "அந்தக் கடையில் ரசமும் வெண்டைக்காயும் நன்றாக இருக்கும், பன்னிரண்டரைக்கு முன்னால் போங்கள்" என்று சொல்லுங்கள். அதுதான் விமர்சனம்.

அரங்கத் தலைவர் மணி அடிக்கப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

இந்த அரங்கில் பேச அழைத்தபோது, அந்தப் பத்துமலைக் கதையைச் சொல்வதென்று முடிவு செய்தேன். உங்களிடம் சொல்வதற்கு முன் அந்த அக்காவிடம் சொல்வதுதானே முறை? சென்ற வாரம் போனேன். அவர் கணவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சாம்பாரில் பருப்பு இருந்தது. சாப்பிட்டு முடித்து, "அக்கா, அன்றைக்குப் போனில் போட்டது நான்தான்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை.

"அன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லியிருந்தா வேற ஏதாவது செஞ்சு கொடுத்திருப்பேனே தம்பி" என்றார்.

அவ்வளவுதான் நண்பர்களே. நாம் சொல்லும் கருத்து உதவியா, உபத்திரவமா? யாரிடம் முதலில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அது. உதவியாக இருக்கட்டும்.